தேச நலனுக்கு யார் சாட்சி?



இன்று நான் பேசப்போவது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் உள்ள ஒரு துணைப்பிரிவைப் பற்றி. சட்டப்பிரிவு என்றதும் பின்வரிசையில் சிலர் செருப்பைத் தேடுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். வேற்று நாட்டில் பிறந்த ஓர் ஆய்வாளர், வேலை தருகிறேன் என்று எந்த நிறுவனமும் முன்வராதபோதும், தன்னந்தனியாக ஓர் அரசாங்கத்திடம் போய், "நான் இங்கே இருப்பது உங்கள் நாட்டுக்கு நல்லது, நிரூபிக்கிறேன், கேளுங்கள்" என்று சொல்ல இடம் கொடுக்கும் பிரிவு இது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருடைய பிள்ளைகள் போனில் 'என்.ஐ.டபிள்யூ.' என்று சொல்லியிருப்பார்கள். தேச நலன் விலக்கு என்று நாம் வைத்துக்கொள்வோம்.

எதிலிருந்து விலக்கு? அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வேலையின் பேரில் கிரீன் கார்டு வாங்க வழக்கமான வழி, முதலாளி வழியாகப் போவது. இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று அந்த முதலாளி தொழிலாளர் துறைக்குக் காட்ட வேண்டும். அதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்க வேண்டும். மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் முப்பது நாள் அறிவிப்பு இருக்க வேண்டும். யாராவது விண்ணப்பித்தால் அவர் ஏன் ஒத்துவரவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். ஆலைக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் இது ஒருமாதிரி பொருந்தும். ஆய்வாளருக்குப் பொருந்தவில்லை. பிஎச்.டி. முடித்த பிறகு போஸ்ட்டாக் என்று ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். பேராசிரியரின் ஆராய்ச்சி மானியம் தீர்ந்தால் வேலையும் தீரும். இப்படிப்பட்ட வேலைக்கு நிரந்தர வாக்குறுதி கொடு என்றால் எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்? மேலும், அந்த விளம்பரம் தேடுவது குறைந்தபட்சத் தகுதி உள்ளவரைத்தான். ஆராய்ச்சியில் குறைந்தபட்சத் தகுதிக்கு என்ன பொருள் இருக்கிறது? ஒரே பட்டம் வாங்கிய இருவரில் ஒருவர் ஒரு துறையையே திருப்பிப் போடுவார். மற்றவர் நல்ல மனிதராக ஓய்வு பெறுவார்.

1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இதற்கு ஒரு சன்னலைத் திறந்தது. உயர் பட்டம் பெற்றவர்களும் அசாதாரணத் திறமை உள்ளவர்களும் அடங்கிய இரண்டாம் பிரிவில், தேச நலனுக்கு உகந்தது என்று அரசு கருதினால் வேலை வாக்குறுதி தேவையில்லை என்று எழுதினார்கள். தேச நலன் என்றால் என்ன என்று மட்டும் எழுதவில்லை. சட்டமும் எழுதவில்லை, அதைத் தொடர்ந்து வந்த விதிகளும் எழுதவில்லை; நெகிழ்வாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நெகிழ்வு என்பது அதிகாரி நல்லவராக இருக்கும் நாளில் நன்மை. மற்ற நாட்களில் என்ன ஆகும் என்பது எந்தத் தாலுகா அலுவலகத்திலும் நின்று பார்த்த உங்களுக்குத் தெரியும்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், ஒரு பாலப் பொறியாளரின் வழக்கு வந்தது. நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறை அவருக்காக மனுப் போட்டிருந்தது. பாலம் கட்டுவது பயனுள்ள வேலையா? ஆம் என்றது தீர்ப்பு. நியூயார்க் பாலத்தால் நாடு முழுவதற்கும் நன்மையா? அதற்கும் ஆம், அந்த மாநிலச் சாலைகள் தேசத்தின் சாலைகளோடு இணைந்தவை. பிறகு மூன்றாவது கேள்வி: அந்த ஞாயிற்றுக்கிழமை விளம்பர நடைமுறையை இவர்மீது சுமத்தினால் தேச நலனுக்குக் கேடு வருமா? வரும் என்று காட்டவில்லை, மனு தள்ளுபடி. அடுத்த பதினெட்டு ஆண்டுகள் இந்த மூன்றாவது கேள்வியில்தான் ஆய்வாளர்கள் முட்டி மோதினார்கள். தான் இல்லாவிட்டால் அமெரிக்காவுக்கு என்ன நட்டம் என்று ஒருவர் எப்படிக் காட்டுவார்? காட்ட முடிந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கண்டுபிடிப்பை விட வக்கீல் நன்றாக அமைந்திருந்தார் என்பது என் ஐயம்.

2016 டிசம்பர் 27ஆம் தேதி அந்தப் பழைய அளவுகோலை எடுத்துவிட்டு புதிய ஒன்றை வைத்தார்கள். வைத்தது நீதிமன்றம் இல்லை, குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம். மனுதாரரின் பெயரால் அதைத் தனசார் தீர்ப்பு என்பார்கள். இந்தத் துறையில் இருக்கிற எவரும், மந்திரம் போல, அதன் மூன்று கேள்விகளைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். நீ செய்யப்போகும் காரியத்துக்கு உண்மையான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுக்கும் நிலையில் நீ இருக்கிறாயா? எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வேலை வாக்குறுதி என்ற நிபந்தனையை உனக்காகத் தளர்த்துவது அமெரிக்காவுக்கு நல்லதா?

பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. வெற்றி பெறுவாய் என்று நிரூபி என்று கேட்கவில்லை. முன்னெடுக்கும் நிலையில் இருக்கிறாயா என்றுதான் கேட்கிறது. நல்ல ஆராய்ச்சியும் தோற்கலாம் என்பதை ஒரு குடியேற்ற அலுவலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. அரசாங்க ஆவணங்களை நான் அடிக்கடி புகழ்வதில்லை. இதைப் புகழலாம்.

அந்த மனுதாரர் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர், ஆசிரியர். ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பறக்கும் கலங்களுக்கான உந்துவிசைதான் அவர் ஆய்வு. நாசாவும் விமானப்படை ஆய்வகமும் பணம் கொடுத்த திட்டங்களில் அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. இத்தனைக்கும் அவர் மனுவை முதலில் நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் வென்றார். ஆனால் எதற்காக வென்றார் என்று கவனியுங்கள். ஆராய்ச்சி, கற்பித்தல் இரண்டையும் அவர் முன்வைத்தார். ஆராய்ச்சிக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்றார்கள். அறிவியலும் கணிதமும் கற்பிப்பது மதிப்புள்ள காரியம்தான், ஆனால் உன் வகுப்பறைக்கு வெளியே அந்தக் கல்வித் துறையையே பாதிக்கும் வேலை அது என்று நீ காட்டவில்லை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். இங்கே எனக்கு உடன்பாடில்லை. ஓர் ஆசிரியரின் பயன் எங்கே தெரியும்? அவரிடம் படித்த நாற்பது பேர் இருபது ஆண்டு கழித்து என்ன ஆனார்கள் என்பதில்தான் தெரியும். கட்டுரைக்கு மேற்கோள் எண்ணிக்கை உண்டு. ஆசிரியருக்கு அப்படி ஒரு கணக்கேடு கிடையாது. கணக்கேடு இல்லாததை அலுவலகத்தால் பார்க்க முடியவில்லை.

இந்த அதிவேக வான்பயணத் துறை என்றதும் எனக்கு வேறொருவர் நினைவுக்கு வருகிறார். அந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட கட்டுரைகளில் ஒன்று 1946இல் வந்தது. எழுதியவர் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த சீனர், சியான் சூசென். 1935இல் உதவித்தொகையில் அமெரிக்கா வந்த மாணவர். தியோடர் வான் கார்மனிடம் படித்தார். இன்று செவ்வாய்க்கு வண்டி அனுப்பும் ஜெட் உந்துவிசை ஆய்வகம் உருவானபோது அங்கே இருந்த சிலரில் ஒருவர். 1945இல் போர் முடியும் தறுவாயில், அமெரிக்க ராணுவம் அவருக்குத் தற்காலிகமாகக் கர்னல் பதவி கொடுத்து ஜெர்மனிக்கு அனுப்பியது. எதற்கு? பிடிபட்ட ஜெர்மன் ராக்கெட் விஞ்ஞானிகளை விசாரிக்க. அவர் விசாரித்தவர்களில் ஒருவர் வெர்னர் வான் பிரவுன்.

வான் பிரவுன் நாஜிக் கட்சி உறுப்பினர், எஸ்.எஸ். படையில் அதிகாரி. அவர் வடிவமைத்த வி-2 ராக்கெட்டுகளை மலைக்குள் குடைந்த சுரங்கங்களில் வதைமுகாம் கைதிகள் செய்தார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவரையும் அவர் கூட்டத்தையும் அமெரிக்க ராணுவம் கூட்டிக்கொண்டு வந்தது. கடுமையான நாஜிகளைச் சேர்க்கக்கூடாது என்று அதிபர் ட்ரூமனின் ஆணை இருந்தது. ஆகவே கோப்புகளைத் துடைத்தார்கள். விசா இல்லாமல் உள்ளே வந்துவிட்டவர்களை எப்படிச் சட்டப்படி குடியேறியவர்களாக ஆக்குவது? எல் பாசோவிலிருந்து எல்லை தாண்டி மெக்சிகோவின் ஹுவாரஸ் நகரத்துக்குக் கூட்டிப் போய், அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரை போட்டு, மறுபடி உள்ளே அழைத்து வந்தார்கள். கடைக்குப் போய்வரும் நேரம்தான். 1949இல் உளவு அமைப்புக்கென்று வந்த சட்டத்தில் இன்னொரு வசதியும் செய்துகொண்டார்கள்: தேசப் பாதுகாப்புக்கு வேண்டியவர் என்றால், வேறு எந்தத் தடை இருந்தாலும், ஆண்டுக்கு நூறு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சியானுக்கு என்ன நடந்தது? 1950இல், பழைய கம்யூனிஸ்டுத் தொடர்பு என்ற குற்றச்சாட்டில், ரகசிய ஆய்வுகளைப் பார்க்கும் அனுமதியைப் பறித்தார்கள். முப்பதுகளில் பாசடீனாவில் சில நண்பர்களோடு கூட்டங்களுக்குப் போனதைப் பெரிதாக்கினார்கள். அவர் மறுத்தார். ஊருக்கே போய்விடுகிறேன் என்று மூட்டை கட்டினார், மூட்டையைப் பிடித்துவைத்தார்கள். டெர்மினல் தீவில் இரண்டு வாரம் காவலில் இருந்தார். பிறகு நாடுகடத்த உத்தரவு போட்டார்கள். அதே மூச்சில், தெரிந்துகொண்ட ரகசியங்கள் பழையதாகும்வரை நாட்டை விட்டுப் போகக்கூடாது என்றும் சொன்னார்கள். போ என்றும் போகாதே என்றும் ஒரே அரசு, ஒரே ஆளிடம், ஒரே காரணத்துக்காகச் சொன்னது. ஐந்து ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1955 செப்டம்பரில் குடும்பத்தோடு கப்பலேறினார். சீனாவின் ஏவுகணைத் திட்டத்தைத் தொடங்கி நடத்தியவர் அவர். அதே 1955இல், ஏப்ரல் மாதம், வான் பிரவுன் அமெரிக்கக் குடிமகனாக உறுதிமொழி எடுத்தார்.

இருவர் விஷயத்திலும் அதிகாரிகள் தேச நலனைத்தான் நினைத்தார்கள். யாரும் விளையாட்டாகச் செய்யவில்லை. தேச நலன் என்று முத்திரை குத்தும் கைக்கு அந்த நேரத்து அச்சம்தான் தெரியும். இருபது ஆண்டுக்குப் பின் வருவது தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய மனுக்களைப் பாருங்கள்.

ஒரு கோப்பைப் பார்க்க எனக்கு வாய்த்தது. நண்பரின் மகன், தஞ்சாவூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நெல்லின் குலை நோயை ஆராய்கிறார். அந்தப் பூஞ்சையின் வித்து, பனித்துளி விழுந்த இலைமேல் எப்படி ஒட்டிக்கொள்கிறது, எந்தப் புரதம் அதற்கு உதவுகிறது என்பதே அவர் கேள்வி. அவர் அந்தக் கேள்விக்கு வந்தது எப்படி என்றால், சின்ன வயதில் அப்பாவின் வயலில் கதிர்க் கழுத்து கறுத்து, மணி பிடிக்காமல் தொங்கியதைப் பார்த்திருக்கிறார். மனுவின் முகப்புக் கடிதம் முப்பது பக்கத்தைத் தொடும். அதில் தஞ்சாவூர் ஓரிடத்திலும் இல்லை. ஆர்கன்சாஸ் இருந்தது, லூசியானா இருந்தது, அமெரிக்காவின் உணவுப் பாதுகாப்பு இருந்தது. கோதுமையையும் தாக்கும் உறவுக்காரப் பூஞ்சை ஒன்று 2016இல் வங்கதேசத்தில் வந்ததே, அது எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று ஒரு பத்தி இருந்தது. எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பையன் அந்த வரிசையில் ஒருநாளும் யோசித்ததில்லை என்று சத்தியம் செய்வேன்.

கோப்பின் பின்பகுதியில் பரிந்துரைக் கடிதங்கள். இரண்டு வகை. ஒன்று, கூட வேலை செய்தவர்கள் எழுதுவது. மற்றது, இவரோடு ஒரு தொடர்பும் இல்லாமல் இவர் கட்டுரையைப் படித்துப் பயன்படுத்தியவர்கள் எழுதுவது. இதற்குத்தான் மதிப்பு அதிகம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த ரகசியம், கடிதத்தின் முதல் வரைவைப் பெரும்பாலும் மனுதாரரே எழுதுவார். பேராசிரியருக்கு நேரம் இல்லை. வக்கீல் சட்டச் சொற்களைச் சேர்ப்பார். பேராசிரியர் திருத்தி, தன் பல்கலைக்கழகத் தாளில் அச்செடுத்துக் கையெழுத்திடுவார். தன்னைப் பற்றித் தானே "இத்துறையின் முன்னணி இளம் ஆய்வாளர்களில் ஒருவர்" என்று படர்க்கையில் எழுதிக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் முன்னால் நம்மைப் பற்றிப் பேசாதே என்று வளர்த்த பிள்ளைகள் இதை எப்படி எழுதுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நண்பரின் மகன் அந்தக் கடிதத்தை எழுத ஒரு மாதம் தள்ளிப்போட்டார். கடைசியில் மனைவி எழுதிக் கொடுத்தார்.

மேற்கோள் எண்ணிக்கை இன்னொரு சாட்சி. கூகுள் ஸ்காலர் பக்கத்தை அச்செடுத்து வைப்பார்கள். உங்கள் கட்டுரையை எத்தனை பேர் எடுத்தாண்டார்கள், அதே ஆண்டில் அதே துறையில் வந்த கட்டுரைகளில் நீங்கள் எந்த விழுக்காட்டில் நிற்கிறீர்கள் என்றெல்லாம் அட்டவணை போட்டிருக்கும். பெரிய துறையில் இருப்பவருக்கு இது கை கொடுக்கும். உலகத்திலேயே நாற்பது பேர் ஆராயும் ஒரு பாசி வகையைப் படிப்பவர் என்ன செய்வார்?

கேட்டலின் கரிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரியில் வேலை போன பிறகு 1985இல் கணவரோடும் சிறு மகளோடும் பிலடெல்பியாவுக்கு வந்தார். காரை விற்ற பணத்தை மகளின் பொம்மைக் கரடிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எம்.ஆர்.என்.ஏ. மருந்தாகும் என்று நம்பினார்; மானியம் கேட்டுக் கேட்டுக் கிடைக்கவில்லை. 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவி இறக்கியது. ட்ரூ வெய்ஸ்மனோடு சேர்ந்து எழுதிய முக்கியக் கட்டுரை 2005இல் வந்தபோதும் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 2020இல் கோவிட் தடுப்பூசி அந்த வேலையின் மேல்தான் எழுந்தது. 2023இல் நோபல் பரிசு. நான் உங்களைக் கேட்கிறேன். 1995இல், பதவி இறக்கப்பட்ட அந்த வாரத்தில், இவர் தேச நலன் விலக்குக்கு மனுப் போட்டிருந்தால் கோப்பில் என்ன இருந்திருக்கும்? மானியம் இல்லை. பெரிய மேற்கோள் இல்லை. அவர் வேலை பார்த்த இடமே அவரை நம்பவில்லை. நேர்மையான ஓர் அதிகாரி, விதிப்படி, நிராகரித்திருப்பார். அந்த அதிகாரியை நாம் குறைசொல்லவும் முடியாது.

ஆகவே என் வாதம் இதுதான். எந்த ஆய்வு நாட்டுக்கு உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல விஞ்ஞானியாலும் முடியாது, அதிகாரியாலும் முடியாது. முடியாத ஒன்றை முப்பது பக்கத்தில் எழுதி வாங்குவதால், நன்றாக எழுதத் தெரிந்தவரையும் அன்றைக்கு எடுபடும் துறையில் இருப்பவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 ஜனவரியில் அறிவியல், தொழில்நுட்பத் துறைக்காரர்களுக்குச் சாதகமாக வழிகாட்டுதல் வந்தது. முக்கியத் தொழில்நுட்பங்கள் என்று அரசு போட்ட பட்டியல் ஒன்றை அதிகாரிகள் கையில் வைத்துக்கொண்டார்கள். மனுக்கள் குவிந்தன. 2025 ஜனவரியில் மறுபடி இறுக்கினார்கள். பட்டியலில் செயற்கை நுண்ணறிவு வந்ததும், வண்டினத்தைப் படிப்பவர்கூடத் தன் ஆய்வில் அதை ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

இத்தனையும் தாண்டி மனு ஏற்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் நம்மவர்களுக்கு உண்மையான கதை தொடங்குகிறது. வேலையின் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள். அதில் இந்த இரண்டாம் பிரிவுக்கு ஏறத்தாழ 40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. அப்படியென்றால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்தப் பிரிவில் 2,800 அளவில். மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கணக்குக்குள். மற்ற நாட்டார் பயன்படுத்தாமல் விட்டால் மிச்சம் கொஞ்சம் கிடைக்கும். மாதாமாதம் விசா புல்லட்டின் என்று ஒன்று வெளியாகும். நம் பிள்ளைகள் அதைப் பஞ்சாங்கம் போலப் பார்ப்பார்கள். 2025ஆம் ஆண்டு நடுவில் அதில் இந்தியாவின் இரண்டாம் பிரிவுக்கு எதிரே இருந்த தேதி 2013 ஜனவரி 1. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் வரிசையில் நின்றவர்களைத்தான் அப்போது கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று நிற்பவருக்குப் பன்னிரண்டு ஆண்டு என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் சேர்ந்த கூட்டம் அதைவிட மிகப் பெரியது.

கணக்கில் வருவது பிறந்த நாடு. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே படித்தார், என்ன கண்டுபிடித்தார் என்பதெல்லாம் இந்த வரிசைக்குத் தெரியாது. நண்பரின் மகனுக்குப் பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் அதே பூஞ்சையை ஆராய்கிறார் என்று வையுங்கள். இருவரும் ஒரே கட்டுரையில் ஆசிரியர்கள். ஒரே நாளில் மனு, ஒரே நாளில் ஒப்புதல். யாழ்ப்பாணத்துக்காரர் உலகின் மற்ற நாடுகள் என்ற பொது வரிசையில் ஓரிரு ஆண்டு காத்திருந்து அட்டை வாங்கிவிடுவார். தஞ்சாவூர்க்காரரின் மகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போனாலும் தகப்பன் வரிசையில்தான் நிற்பார். இருவருக்கும் ஒரே தாய்மொழி, ஒரே சோற்றுப் பானை. இதில் தேச நலன் எங்கே இருக்கிறது? அமெரிக்காவுக்கு இவர் வேண்டும் என்று ஒரு மேசையில் முடிவு செய்துவிட்டு, அடுத்த மேசையில் அந்த முடிவைப் படிக்காமலே உட்காரவைக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண்ணைக் கட்டியிருந்தால், மனைவியின் பிறந்த நாட்டு வரிசையில் அவரும் போய் நின்றுகொள்ளலாம். ஜாதகப் பொருத்தத்தோடு இதையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று ஒரு தாயார் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒப்புதல் வீண் என்று நான் சொல்லவில்லை. கையில் ஒப்புதல் இருந்தால், ஆறு ஆண்டில் முடிய வேண்டிய எச்-1பி என்ற வேலை விசாவை மும்மூன்று ஆண்டாக நீட்டிக்கொண்டே போகலாம். அதற்காகத்தான் பலரும் மனுப் போடுகிறார்கள். பிள்ளைகள் விஷயம் வேறு. இருபத்தொரு வயது தாண்டினால் பிள்ளை பெற்றோரின் மனுவிலிருந்து கழன்றுவிடும். மனு பரிசீலனையில் கிடந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 2002இல் ஒரு சலுகை வந்தது. இதில் ஒரு வேடிக்கை. 2023 முதல் கூடுதல் கட்டணம் கட்டி இந்த மனுவுக்குச் சில வாரங்களில் விடை வாங்கலாம். அப்படி அவசரப்படுத்தினால் கழிக்க வேண்டிய நாட்கள் குறைந்துபோகும்; பிள்ளையின் பாதுகாப்பும் குறையும். பன்னிரண்டு வயது மகள் இருக்கும் தகப்பன் தன் மனு கொஞ்ச காலம் தூங்கினால் தேவலை என்று வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அண்மையில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 19ஆம் தேதி அதிபர் டிரம்ப் 'கோல்டு கார்டு' ஆணையில் கையெழுத்திட்டார். தனிநபர் பத்து லட்சம் டாலரை அமெரிக்க அரசுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால், அந்தத் தொகையையே அசாதாரணத் திறமைக்கும் தேச நலன் விலக்குக்கும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. அதே நாளில்தான் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. குலை நோய்க்காரர் முப்பது பக்கமும் ஆறு கடிதமும் மேற்கோள் அட்டவணையும் கொண்டு நிரூபிக்க முயன்றதை ஒரு வங்கிக் காசோலை நிரூபித்துவிடுமாம். 1990இல் வரையறுக்காமல் விட்ட இடத்தில் ஒரு விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? பிரிட்டனில் 2020 பிப்ரவரியில் உலகத் திறனாளர் விசா என்று ஒன்று தொடங்கினார்கள். அங்கே ஆய்வாளரின் தகுதியை ராயல் சொசைட்டி போன்ற அறிவியல் கழகங்கள் பார்த்துச் சொல்கின்றன. குடியேற்ற அலுவலகம் பாதுகாப்பு, ஆவணம் போன்றவற்றைப் பார்க்கிறது. அது தொடங்கியபோது ராயல் சொசைட்டியின் தலைவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை. பிறந்த நாட்டு வரிசையும் அங்கே இல்லை. கட்டணம் கண்ணைப் பிதுக்கும், அது வேறு. விஞ்ஞானியை விஞ்ஞானி எடைபோடுவதிலும் கோளாறு உண்டு. கரிகோவை அலட்சியம் செய்தவர்களும் விஞ்ஞானிகள்தானே. இருந்தாலும் பூஞ்சை வித்து இலையில் ஒட்டுவதைப் பற்றிப் படிக்கும்போது குறைந்தபட்சம் அவர்களுக்கு ஆர்வமாவது இருக்கும்.

கடைசியாக, நம் பக்கத்து விஷயம். ஆய்வாளர்கள் பலரும் அமெரிக்காவுக்குப் போவது ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில். அதில் சிலருக்கு ஒரு நிபந்தனை உண்டு: படிப்போ ஆய்வோ முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்துவிட்டுத்தான் கிரீன் கார்டு பேச்சு. உன் நாட்டுக்கும் நீ தேவைப்படுவாய் என்ற எண்ணத்தில் வைத்த விதி. எந்த நாட்டுக்கு எந்தத் துறையில் ஆள் தேவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் இந்தியாவுக்கு எதிரே துறைகள் வரிசையாக இருந்தன. அந்த நிபந்தனையிலிருந்து விடுபட வேண்டும் என்றால், பெரும்பாலும் இந்தியாவுக்குத் திரும்பக் கடமையில்லை என்று இந்திய அரசிடமே சான்றிதழ் வாங்க வேண்டும். மாநில அரசில் ஒரு தடையின்மைக் கடிதம், தில்லியில் ஒன்று, பிறகு தூதரகம். சென்னையில் அந்தக் கடிதத்துக்காக மகனுக்குப் பதில் அலைந்த தகப்பனார்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். அங்கே யாரும் உங்கள் மகன் என்ன ஆராய்கிறார் என்று கேட்டிருக்க மாட்டார்கள். கடன் பாக்கி இல்லை, வழக்கு இல்லை, உதவித்தொகை நிபந்தனை இல்லை என்றால் முத்திரை விழுந்துவிடும். மருத்துவர்களுக்கு மட்டும் அந்தச் சான்றிதழை 2011க்குப் பிறகு நிறுத்தினார்கள். மற்றவர்கள் விஷயத்தில் நம் தேச நலன் வாயைத் திறக்கவில்லை. 2024 டிசம்பர் 9ஆம் தேதி வெளியுறவுத் துறை அந்தப் பட்டியலைத் திருத்தியபோது இந்தியாவின் பெயரையே எடுத்துவிட்டது. தனிநபர் வருமானம், நாட்டின் அளவு, வெளியேறுவோர் விகிதம் என்று வாஷிங்டனில் போட்ட கணக்கு அது. பட்டியலின் பேரில் கட்டுண்டிருந்த நம் ஆய்வாளர்கள் ஒரே நாளில் விடுபட்டார்கள். அரசு நிதியில் போனவர்களுக்கும் மருத்துவப் பயிற்சிக்குப் போனவர்களுக்கும் மட்டும் அந்த நிபந்தனை மிச்சமிருக்கிறது. இங்கே பத்திரிகைகளில் அதற்குக் கிடைத்த இடம் நான்கு விரல் அகலம்.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: மகனுக்கு எந்தப் பிரிவில் மனுப் போடலாம், எந்த வக்கீல் நல்லவர் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நெல் குலை நோயைப் பற்றிக் கேட்டால் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் வேளாண்மைப் பேராசிரியர் பதில் சொல்வார்.